ஆண் என்று பதிந்ததைப் பெண் என்று மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வியை நாலு பேர் நடுவில் கேட்கிற தாய்மார்கள் இல்லை. கோயில் பிரகாரத்திலோ, கல்யாண வீட்டுச் சமையல்கட்டிலோ ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். "பையன் என்று பெற்றேன். பையன் என்றுதான் பதிந்தோம். இப்போது சிங்கப்பூரில் சேலை கட்டிக்கொண்டு பெண்ணாக இருக்கிறது. ஐ.சி.யில் ஆண் என்றுதானே போட்டிருக்கிறது? போலீஸ் நிறுத்தினால் என்ன ஆகும்? பேரை மாற்றச் சட்டம் இடம் கொடுக்குமா?" என்பார்கள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் பிள்ளையைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் இன்னும் மெதுவாகக் கேட்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். பிள்ளை சிங்கப்பூர்ப் பிரஜையானால் பெயரை மாற்றலாம், ஐ.சி.யில் ஆண், பெண் என்றிருக்கும் இடத்தையும் மாற்றலாம். பெயருக்கு வக்கீல் போதும். மற்றதற்கு அறுவைச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் மட்டும் மாறாது. மலேசிய ஐ.சி. வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது; அவர்கள் சங்கதியைப் பின்னால் பார்ப்போம். போலீஸ் பயத்துக்கும் ஒரு வார்த்தை: ஆண் என்று போட்ட ஐ.சி.யை வைத்துக்கொண்டு சேலை கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்தவர் ஐ.சி.யைக் காட்டினால்தான் குற்றம். அந்தக் காரியத்தை மட்டும் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு மேலே போவோம். லயத்தில் வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட பெயர்களை எல்லாம் இனி ஒதுக்கிவிடுவது நல்லது. ஆணாகப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவரைத் திருநங்கை என்றும், பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்றும் தமிழில் இப்போது மரியாதையாகச் சொல்கிறோம்.

சிங்கப்பூரில் இந்த விஷயம் தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. சிராங்கூன் ரோடும் புக்கிட் தீமா ரோடும் சேரும் பக்கத்தில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி நம்மவர்களுக்குப் பழக்கமான இடம். மலாயில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததால் வந்த பெயர். 1966-ஆம் வருஷத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே பிரசவ ஆஸ்பத்திரியில் அத்தனை பிள்ளைகள் பிறந்தது அன்றைக்கு உலக சாதனை. பிள்ளை பிறந்ததும் தாதி துணியை விலக்கிப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வாள். அவள் சொன்னது பத்திரத்தில் ஏறும். பிறகு பள்ளிக்கூடம், ஐ.சி., கல்யாணப் பதிவு என்று எல்லா இடத்துக்கும் அந்த ஒரு சொல் கூடவே போகும்.

அதே ஆஸ்பத்திரியில்தான் 1971 ஜூலை 30-ந் தேதி, ஆணாகப் பதியப்பட்ட 24 வயதுச் சிங்கப்பூரர் ஒருவருக்கு, பெண்ணாக மாற்றும் அறுவைச் சிகிச்சை முதன்முதலாக நடந்தது. செய்தவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம். இலங்கைத் தமிழர். 1983-ல் ஆசியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை அதே ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிள்ளை இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்கு வந்தவர்களுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், யாரும் தொடத் தயங்கிய இந்தக் காரியத்தை ஏன் எடுத்தார்? கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் கண்ட இடத்தில் கத்தி வைத்துக்கொள்வார்கள் என்பதை ஒரு டாக்டருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அவசரப்படவில்லை. சட்டப்படி இதற்குத் தடை உண்டா என்று சுகாதார அமைச்சிடம் கேட்டு, தடையில்லை என்று தெரிந்த பிறகே இறங்கினார். மனநல மருத்துவர்கள் நோயாளியைப் பரிசோதித்தார்கள். முன்பின் செய்திராத அறுவை என்பதால், புத்தகங்களைப் படித்து, பிணவறையில் இரண்டு சடலங்களில் செய்து பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டார். திருநம்பி ஒருவருக்கான அறுவையை 1974-ல் தொடங்கிக் கட்டம் கட்டமாக 1977 வரை செய்தார். ரத்தினம் 2001-ல் காலமானார். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம், 1997-ல் ஆஸ்பத்திரி புது இடத்துக்கு மாறிய பிறகு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாயிற்று.

அறுவை முடிந்தது சரி. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவரின் கையில் இருந்தது பழைய ஐ.சி.தான். பெண்ணின் முகம், பெண்ணின் உடல். ஆனால் அட்டையில் ஆண். வேலைக்கு மனுப் போட்டால் கேள்வி, வாடகைக்கு அறை கேட்டால் கேள்வி, எல்லை கடக்கும்போது கேள்வி. சிங்கப்பூர் அரசாங்கம் இதை அதிக நாள் இழுக்கவில்லை. அறுவை முடித்தவர்கள் ஐ.சி.யில் பாலை மாற்றிக்கொள்ளலாம் என்ற நடைமுறை 1973-ல் வந்தது. உலகத்தில் பல பெரிய நாடுகள் இதைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. பிரிட்டன் இதற்கென்று ஒரு சட்டம் போட 2004 வரை ஆயிற்று.

இனி காரியத்துக்கு வருவோம். பெயர் மாற்றுவதற்கு டீட் போல் என்ற பத்திரம் வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பழைய பெயரைக் கைவிட்டேன், இனி எல்லாக் காரியத்துக்கும் இந்தப் பெயர்தான் என்று அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் அவசியம். அந்தப் பத்திரத்தைக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் காட்டிப் புது ஐ.சி.க்கு மனுச் செய்ய வேண்டும். பெயர் மாற்ற அறுவை தேவையில்லை. பெண் பெயரை வைத்துக்கொண்டு ஐ.சி.யில் ஆண் என்றே இருக்கிறவர்கள் உண்டு. அது அரைக் கிணறு தாண்டியதுதான். ஆனாலும் கிளினிக்கில் நாலு பேர் நடுவில் ஆண் பெயரைக் கூவி அழைக்காமல் இருப்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

பாலை மாற்றுவதற்கு, அறுவை முடிந்தது என்று டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கும் சான்று வேண்டும். மருந்து, ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இது கிடைக்காது. அறுவைக்குத் தாய்லாந்துக்குப் போகிறவர்கள் பலர். வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொண்டு போகிறார்கள். உடம்புக்கு அறுவை ஒத்துக்கொள்ளாதவர்களும், கையில் காசில்லாதவர்களும், அறுவையே வேண்டாம் என்பவர்களும் இந்த வாசலில் நின்றுவிட வேண்டியதுதான். இந்த நிபந்தனை கடுமையானது என்பது நம் அபிப்பிராயம். கத்தி படாதவரை ஒருவரின் சொல்லை நம்ப மாட்டோம் என்பது என்ன நியாயம்? ஆனால் சட்டம் இன்று இருக்கிறபடி தெரிந்துகொண்டால்தான் ஏமாறாமல் இருக்கலாம். "அறுவை இல்லாமலே ஐ.சி. மாற்றித் தருகிறேன், ஆயிரம் வெள்ளி கொடு" என்று ஏஜண்டு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூர் ஐ.சி.யின் எண்ணில் ஆண் பெண் அடையாளம் கிடையாது. ஆகவே எண் மாறாமல் அப்படியே இருக்கும். சேமநிதி, பேங்க், வீடமைப்புக் கழகம் எல்லாம் எண்ணைக் கொண்டுதான் ஆளை அறிகின்றன. புது ஐ.சி.யைக் காட்டினால் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். பழைய பள்ளிச் சான்றிதழுக்கு மட்டும் டீட் போலைக் கூடவே வைத்துக் காட்டுவது வழக்கம்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. சீனர் ஒருவரின் பெயரைப் படித்தால் ஆணா பெண்ணா என்று பல வேளைகளில் சொல்ல முடியாது. தமிழனுக்கு அப்படியா? பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் எஸ்.ஓ. அல்லது டி.ஓ. என்று போட்டு வைத்திருக்கிறோம். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று வெள்ளைக்கார துரைமார் காலத்திலிருந்து வந்த பழக்கம். மலேசிய ஐ.சி.யில் அதுவே ஏ.எல்., ஏ.பி. என்று இருக்கிறது. அனாக் லெலாகி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கம். ஆகவே நம் பிள்ளைக்கு முதற்பெயரை மட்டும் மாற்றினால் போதாது. 'மகன்' என்ற சொல் பெயரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். வக்கீல் பத்திரம் எழுதும்போது இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். எஸ்.ஓ. என்பதை டி.ஓ. ஆக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் இருக்கும்படியும் செய்யலாம். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கே பல பெற்றோர் அப்படித்தான் வைக்கிறார்கள்.

புது ஐ.சி. கைக்கு வந்துவிட்டால் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு வழக்கின் கதையைச் சொல்ல வேண்டும். வேர் லண்டனில் இருக்கிறது. ஏப்ரல் ஆஷ்லி என்ற மாடல் அழகி ஒரு திருநங்கை. 1963-ல் அவர் ஒரு பிரபுவின் மகனை மணந்தார். மனஸ்தாபம் வந்து விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி ஆர்ம்ராட் வைத்தியமும் படித்தவர். பிறக்கும்போது உடல் எப்படியோ அதுதான் கல்யாணத்துக்கு உரிய பால், பிறகு செய்த அறுவை அதை மாற்றாது என்று 1970-ல் தீர்ப்புச் சொன்னார். கல்யாணம் செல்லாமல் போயிற்று.

சிங்கப்பூரில் 1991-ல் ஒரு மனைவி கோர்ட்டுக்கு வந்தார். தம் கணவர் பெண்ணாகப் பிறந்து அறுவை செய்துகொண்டவர் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. கணவரின் ஐ.சி.யில் ஆண் என்று முறைப்படி மாற்றியிருந்தார்கள். நீதித்துறை ஆணையர் கே. எஸ். ராஜா லண்டன் தீர்ப்பின் வழியிலேயே போனார். ஐ.சி.யைத் திருத்தியது நிர்வாக வசதிக்காக. அதனால் கல்யாணச் சட்டத்துக்கு அவர் ஆணாகிவிட மாட்டார் என்று கூறி, கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

அந்த மனைவிக்குக் கிடைத்த நியாயத்தைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை. மறைத்துச் செய்த கல்யாணம் யாருக்கு நடந்தாலும் அநியாயமே. ஆனால் தீர்ப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்கவில்லை. 1973-க்குப் பிறகு ஐ.சி. மாற்றி, எல்லாம் தெரிந்த துணையை மணந்து, ஒழுங்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் கல்யாணமும் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிட்டது. அரசாங்கம் கொடுத்த அட்டையை நம்பி, அரசாங்கப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

ஐந்து வருஷம் கழித்து அது தீர்ந்தது. 1996 ஜனவரியில் அமைச்சர் அப்துல்லா தர்முகி, அறுவை முடித்தவர்கள் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் வரும் என்று அறிவித்தார். மாதர் சாசனம் திருத்தப்பட்டு 1997 மே 1 முதல் நடப்புக்கு வந்தது. அறுவை முடித்தவர் எந்தப் பாலுக்கு மாறினாரோ அந்தப் பாலைச் சேர்ந்தவராகவே கல்யாணத்துக்குக் கொள்ளப்படுவார்; ஐ.சி.யில் உள்ளது முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் எழுதினார்கள். அதற்கு முன் நடந்த இத்தகைய கல்யாணங்களும் எப்போதுமே செல்லுபடியானவை என்று சேர்த்தார்கள். கோர்ட் ஏற்கெனவே செல்லாது என்று சொன்னதை மட்டும் தொடவில்லை. ஆக, திருநங்கை ஆணையும் திருநம்பி பெண்ணையும் சிங்கப்பூரில் பதிந்து மணக்கலாம். முஸ்லிம்களின் கல்யாணம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு இது பொருந்தாது.

இப்போது மலேசியப் பக்கம் வருவோம். தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்வதால் சிங்கப்பூர் ஐ.சி. நடைமுறை அவர்களுக்குக் கிடைத்துவிடாது. பெர்மிட்டில் இருக்கும் விவரம் பாஸ்போர்ட்டில் இருக்கும் விவரம்தான். பாஸ்போர்ட் மலேசிய ஐ.சி.யைப் பார்த்து எழுதப்படுவது. அறுவையை எங்கே செய்துகொண்டாலும் அந்த அட்டை தானாக மாறாது.

மலேசிய ஐ.சி.யில் எண்ணே ஆண் பெண் சொல்கிறது. 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆகவே நம் தமிழ்ப் பிள்ளையின் அட்டையில் முதற்பெயர், ஏ.எல். அல்லது ஏ.பி., பால் என்று எழுதிய இடம், கடைசி இலக்கம் என நான்கு இடத்தில் பிறப்பின் பால் ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை. ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஒரு திருநம்பி கேட்டபோது, பிறப்பைப் பதிந்தபோது பிழை எதுவும் நடக்கவில்லையே, இதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி நீதிபதி வி. டி. சிங்கம் மறுத்துவிட்டார். 2005-ல் கோலாலம்பூரில் ஒரு திருநங்கை கேட்டபோது, டாக்டர்கள் பெண் என்று சொன்ன பிறகு சட்டம் அதை ஏற்க வேண்டும் என்று நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் அனுமதித்தார். 2016-ல் நீதிபதி எஸ். நந்தபாலன் ஒரு திருநம்பிக்குக் கடைசி இலக்கத்தையும் சேர்த்து மாற்றித்தரச் சொன்னார். மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. ஆகவே இந்த வழியில் இறங்குகிறவர்கள் நல்ல வக்கீலைப் பார்த்து, செலவையும் நாளையும் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

நம் மொழி பேசும் மற்ற இடங்களில் காற்று வேறு பக்கம் வீசியிருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில், அறுவையைக் கட்டாயமாக்கக்கூடாது, அவரவர் பாலை அவரவரே சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-ல் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கில், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் சொன்னார். இலங்கையில் 2016 முதல் மருத்துவச் சான்றைக் கொண்டு பிறப்புப் பத்திரத்தையே திருத்திக்கொள்ள வழி வந்தது. சிங்கப்பூர் இன்றுவரை செய்யாதது இது.

இது எங்கிருந்தோ வந்த புதுப் பழக்கம் என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துத் திடலில் விடிய விடிய பாரதக் கூத்துப் பார்த்தவர்கள் நாம். சிகண்டி யார், பிருகன்னளை யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குப் போகிறவர்கள், அங்கே அரவானுக்கும் சந்நிதி இருப்பதைப் பார்த்திருப்பார்கள். கூவாகத்தில் திருநங்கைகள் யாருக்காகத் தாலி கட்டி அறுக்கிறார்களோ, அதே அரவான்தான்.

கடைசியாகத் தகப்பன்மார் விஷயம். டீட் போல் எழுதும் நேரத்தில்தான் பல வீடுகளில் சண்டை வெடிக்கிறது. "பேரை மாற்றிக்கொண்டு எங்கேயாவது போ, என் பேரை விட்டுவிடு" என்று கோபத்தில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையும் ரோஷத்தில் தகப்பன் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதற்பெயரை மட்டும் மாற்றி, தகப்பன் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கோபம் ஆறிய பிறகு மீண்டும் சேர்க்க நினைத்தால் இன்னொரு பத்திரம், இன்னொரு மனு, இன்னொரு ஐ.சி. அதைவிட முக்கியமானது, பிற்காலத்தில் வாரிசுக் காரியங்களுக்கு நான் இன்னாருடைய பிள்ளை என்று காட்ட வேண்டியிருக்கும். அப்போது பிறப்புப் பத்திரத்தில் பழைய பெயர் இருக்கும், ஐ.சி.யில் புதுப் பெயர் இருக்கும். இரண்டுக்கும் பாலமாக இருப்பது தகப்பன் பெயரும் டீட் போலும்தான். அசல் பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நகல் இரண்டு எடுத்து ஒன்றை வீட்டில் கொடுத்துவையுங்கள்.

வக்கீலிடம் போகும்போது பிறப்புப் பத்திரத்தையும் ஐ.சி.யையும் கையோடு கொண்டு போங்கள். பழைய பெயரை அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். முனியாண்டி என்ற தகப்பன் பெயரை ஒரு கிராணி ஒரு விதமாகவும் அடுத்த தோட்டத்துக் கிராணி வேறு விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள். பத்திரத்தில் ஒரு விதம், ஐ.சி.யில் ஒரு விதம் என்று இருந்தால் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு விதமும் ஒரே ஆள்தான் என்று அதே பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுப்பார்.